காட்டில் வழி தவறினால் கூட வந்த நாயை அவிழ்த்துவிடாதீர்கள்

விறகுக்குக் கிளம்பினால், தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்து நாயும் பின்னால் வரும். யாரும் கூப்பிடுவதில்லை, அதுவாகவே வரும். மழைக்காலத்தில் மதியத்துக்கு மேல் மலையில் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில், "நாய்தான் இருக்கே, வீட்டுக்குக் கூட்டிப் போயிடும்" என்று மனசு தேறும். அந்த நம்பிக்கையில் நாயை அவிழ்த்துவிடுவதுதான் முதல் தவறு.

என் மாமா அப்படித்தான் விட்டார். நாய் உயரமான மானாப்புல்லுக்குள் நுழைந்தது, பாறை இடுக்கில் புகுந்தது, ஒரு மணி நேரத்தில் லயத்துக்கு வந்துவிட்டது. அது போன வழியில் மனிதன் போக முடியாது. மாமா ராத்திரி முழுக்கக் காட்டில் கிடந்தார். நாய்க்கு வீட்டு வழி தெரியும்தான். ஆனால் நாம் பின்னால் வருகிறோமா என்று அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போகாது.

அன்று வீட்டில் நாங்கள் செய்தது அதைவிடப் பெரிய தவறு. நாயைப் பார்த்ததும், "ஆள் பின்னாலேயே வர்றார்" என்று தேநீருக்குத் தண்ணீர் வைத்தோம். வெளிச்சம் இருந்த கடைசி இரண்டு மணி நேரம் அப்படியே போனது. நம் இலங்கையில் ஆறரை மணிக்குப் பிறகு இருட்டு சட்டென்று கவிந்துவிடும். போனவர் இல்லாமல் நாய் மட்டும் வந்தால், அந்த நிமிடமே தேட ஆள் திரட்டுங்கள். அது எந்தப் பக்கமிருந்து வந்தது, நனைந்திருக்கிறதா, மேலே என்ன மண் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு அதைக் கட்டிவையுங்கள்.

அவிழ்த்துவிட்ட நாய்க்கும் ஆபத்து இருக்கிறது. சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை, இது மலையகத்தில் எல்லாருக்கும் தெரியும். அதைவிட எனக்குப் பயம் காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்குதான். 2020இல் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தையே அப்படிச் சிக்கி, பிறகு இறந்துபோனது. நாய் மாட்டிக்கொண்டால் நம் பக்கம் இழுக்காதீர்கள். இழுக்க இழுக்கக் கம்பி இறுகும். கம்பியைக் கட்டியிருக்கும் மரத்தின் பக்கமாக நாயை நகர்த்தினால் தளரும். வலியில் அது வளர்த்தவரையே கடிக்கும், அதனால் தலைமேல் ஒரு சாக்கையோ படங்கையோ (தார்ப்பாய்) போட்டுவிட்டுக் கை வையுங்கள். கடித்துவிட்டால், சொந்த நாயாக இருந்தாலும் சரி, சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"ஓடையோடு கீழே இறங்கினால் ஊர் வரும்" என்பார்கள். நம் மலைகளில் ஓடை பல இடங்களில் அருவியாகத்தான் விழுகிறது. வழுக்குப் பாறையில் பாதி இறங்கிவிட்டால் மேலேயும் ஏற முடியாது, கீழேயும் போக முடியாது. நாயைத் தூக்கிக்கொண்டு இறங்குவதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

வழி தவறியது தெரிந்ததும் அங்கேயே நில்லுங்கள். நாயைக் கயிற்றிலோ துண்டிலோ கட்டி அருகில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் பொலிஸுக்கு, 119க்கு அழைத்துப் பாருங்கள். காயம் என்றால் அம்புலன்ஸுக்கு 1990. பேச்சு போகாத இடத்தில் குறுஞ்செய்தி சில சமயம் போய்விடும், கடைசியாகக் கடந்த பாலம், கோயில், தேயிலை மலையின் நம்பர் எல்லாவற்றையும் அதில் எழுதி வீட்டுக்கு அனுப்புங்கள். கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று விசில், சிறிது இடைவெளி, மறுபடி மூன்று. டோர்ச்சும் அப்படியே. ஈர மண்ணில் உட்காராமல் மானாப்புல்லைப் பிடுங்கிக் கனமாகப் போட்டு அதன்மேல் உட்காருங்கள். நாயின் உடல் சூடு நம்முடையதைவிடக் கொஞ்சம் கூடுதல், நுவரெலியாக் குளிரில் அது ஒட்டிப் படுத்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

சுற்றுலா வருகிறவர்களுக்கும் ஒன்று. மலையடிவாரத்தில் நிற்கும் தெருநாய்க்கு பிஸ்கட் போட்டுக் கூட்டிக்கொண்டு ஏறாதீர்கள். நீங்கள் வேறு வழியாக இறங்கி வேனில் ஏறிப் போய்விடுவீர்கள். அது தெரியாத இடத்தில், மற்ற நாய்களின் எல்லைக்குள் தனியாக நிற்கும்.

அப்புறம், பொலிஸ் மோப்ப நாய் வரும்போது நடக்கும் கூத்து. ஆளைக் கடைசியாகப் பார்த்த இடத்தில் ஊரே கூடி மிதித்திருக்கும். அம்மா மகனின் சட்டையைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு அதையே எடுத்து நீட்டுவார். அந்த அழுகை எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டையில் இப்போது அம்மாவின் வாசமும் கலந்துவிட்டது. ஆள் காணோம் என்றதும் அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி ஒருவரைக் காவலுக்கு நிறுத்துங்கள். துவைக்காத சட்டை அல்லது தலையணை உறை ஒன்றை வெறுங்கையால் தொடாமல், சுத்தமான பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுத்து, பையை அப்படியே உள்வெளியாகத் திருப்பி முடிச்சுப் போட்டு வையுங்கள். மழை கொட்டும் முன் அது நாயைக் கூட்டிவரும் பொலிஸ்காரரின் கைக்குப் போகட்டும். லயத்து நாய்களை அதுவரை உள்ளே கட்டிப்போடுங்கள்.