லொறி வில்லுத் தகட்டில் குசினிக் கத்தி

வன்னியில் பழைய இரும்பு பொறுக்கும்போது, என்னவென்று தெரியாத உருளையோ குழாயோ கண்டால் தொடவே வேண்டாம். வெடிக்காத குண்டாக இருக்கலாம். கத்திக்கு லொறி வில்லுத் தகடுதான் நல்லது. அதில் ஏறக்குறைய 0.6 சதவீதம் காபன் உண்டு.

சிரட்டைக்கரி உலையில் செம்மஞ்சளாகக் காய்ச்சி அடியுங்கள். மங்கிய சிவப்பில் அடித்தால் கீறல் விழும். வெட்டும் வாய்ப்பக்கம் 1.5 மில்லிமீற்றர் தடிப்பு இருக்கட்டும். மெலிந்தால் தோய்ச்சலில், அதாவது காய்ச்சிய கத்தியை எண்ணெயில் முக்கும்போது, நெளியும்.

மூன்று தரம் சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிடுங்கள். பிறகு காந்தம் ஒட்டாத சூட்டுக்கும் சற்று மேலே கொண்டுபோய், 50 பாகைக்குச் சூடாக்கிய தேங்காயெண்ணெயில் நுனி கீழாகத் தோயுங்கள். தண்ணீரில் தோய்த்தால் கத்தியில் வெடிப்பு விழும். அரம் பிடிக்காமல் வழுக்கினால் தோய்ச்சல் சரி.

உடனே போறணையில் 200 பாகையில் இரண்டு மணிநேரம், இரண்டு தரம். வைக்கோல் நிறம் வரவேண்டும். தீட்டும்போது வாய் நீலமானால் உரம் போய்விட்டது. திரும்பவும் தோய்க்கத்தான் வேண்டும்.