எறும்புக் கூடு: தேவைக்கு மிஞ்சிய இடம் ஆபத்து

மழைக்குப் பின் இறகு உதிர்த்த கட்டெறும்பு ராணி ஒன்று கிடைத்ததும், பத்து அறை கொண்ட அக்ரிலிக் கூடு வாங்கக் கை துறுதுறுக்கும். தயவுசெய்து வாங்காதீர்கள். எறும்பு வளர்ப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான்.

மண்ணுக்குள் இந்த ராணி தான் திரும்பிப் படுக்கும் அளவுக்குத்தான் அறை தோண்டுகிறாள், வாயிலையும் அடைத்துக்கொள்கிறாள். முதல் வேலைக்கார எறும்புகள் வரும்வரை இரை தேடுவதில்லை. இனி தேவைப்படாத பறக்கும் தசைகளும் உடம்பின் கொழுப்பும்தான் அவளுக்கும் புழுக்களுக்கும் ஆகாரம். அந்த அறைக்கு ஈடாக ஒரு டெஸ்ட் டியூப் போதும்: அடியில் தண்ணீர், அதை நிறுத்தப் பஞ்சு, வாயில் இன்னொரு பஞ்சு. இருட்டில் வைத்துவிட்டு, அடிக்கடி எடுத்துப் பார்க்காமல் இருங்கள்.

ஐந்தாறு எறும்புகள் வந்ததும் பெரிய கூட்டுக்கு மாற்றுவது அடுத்த தவறு. அவை ஒரு மூலையில் ஒடுங்கிக்கொள்ளும். மற்ற அறைகள் குப்பைக்கிடங்காகும். தின்று மிஞ்சிய கரப்பான் கால், ஈயின் இறக்கை, செத்த எறும்பு எல்லாம் ஈரமான அறையில் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். சுத்தம் செய்ய அவற்றுக்கு ஆள் போதாது. ராணி உள்ளே இருக்கும்போது நாம் மூடியைத் திறப்பதும் நல்லதல்ல.

எறும்பு, முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் சேர்ந்து கூட்டின் பெரும்பகுதியை நிரப்ப வேண்டும். பார்க்க நெரிசலாக இருக்கும், ஆனால் ஒட்டிக் கிடப்பதுதான் அவற்றுக்கு இயல்பு. கட்டெறும்புக்கு இருபது, முப்பது வேலைக்காரர்கள் சேரும்வரை டியூபே போதும் என்பேன். தண்ணீர் தீர்ந்தாலோ பூஞ்சை பரவினாலோ முன்பே புது டியூபுக்கு வழிவிடலாம். தாராளம் காட்ட நினைத்தால், இரை தேடி உலாவும் வெளிப்பெட்டியில் காட்டுங்கள்.

கூட்டின் மொத்த அளவை மட்டும் பார்த்து வழியின் அகலத்தை மறப்பவர்களும் உண்டு. கட்டெறும்புக் கூட்டம் வளர்ந்த பிறகு பெரிய தலையுள்ள எறும்புகள் பிறக்கும். முட்டை நிறைந்த ராணியின் வயிறும் பருக்கும். இருவரும் தாராளமாக நுழைய வேண்டும்.

மிகச் சின்னக் கூட்டிலேயே விட்டுவைப்பதும் தவறுதான், ஆனால் அது கண்ணில் பட்டுவிடும். வேலைக்காரர்கள் புழுக்களை வெளிப்பெட்டிக்குத் தூக்கி வருவார்கள், அடைத்த பஞ்சை விடாமல் பிய்ப்பார்கள். அப்போது டியூபைத் தட்டிக் கொட்டாதீர்கள். புதுக் கூட்டை ஈரப்படுத்தி, மூடி இருட்டாக்கி, டியூபை அதன் வாயிலில் பொருத்தி, டியூபின் மேல் மட்டும் வெளிச்சம் படவிடுங்கள். ஒரே இரவில் குடிபோகலாம், வாரக்கணக்கிலும் ஆகலாம். டியூபில் தண்ணீர் இருக்கும்வரை அவசரப்படுத்த வேண்டாம்.