பீங்கான் ட்ரேயில் கோடு விழுந்த பிறகு நாம் செய்யும் தவறுகள்

காட்பாடியில் என்னிடம் பேக்கிங் கற்க வருகிறவர்கள் ஓவனையும் பீட்டரையும் நாலு கடை ஏறி இறங்கி வாங்குகிறார்கள். பீங்கான் ட்ரேயை மட்டும் உடைந்து கையோடு வரும்வரை விடுவதில்லை. கீழே போடாதே, கம்பி நாரால் தேய்க்காதே என்பதெல்லாம் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை.

"ஒழுகலையே அக்கா"

இன்றும் எனக்குக் கோபம் வரவழைப்பது இதுதான். சத்துவாச்சாரியிலிருந்து வரும் பெண் ஒருவர், ஆம்பூர் பிரியாணியைத் தம் போடப் பீங்கான் ட்ரேக்கு மாற்றி ஓவனில் வைத்திருக்கிறார். வெளியே எடுக்கும்போது ட்ரே இரண்டாகப் பிளந்து, கொதிக்கிற எண்ணெயோடு சோறு பாதத்தில் கொட்டிவிட்டது. விசாரித்தால், அடியில் முடி கனத்துக்கு ஒரு கோடு பல நாளாகவே இருந்ததாம். "ஒழுகலையே அக்கா, அதான் விட்டுட்டேன்" என்றார்.

ஒழுகாதது எதற்கும் உத்தரவாதமில்லை. நெய்யும் மாவும் கோட்டை அடைத்திருக்கும், அவ்வளவுதான். பீங்கான் சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும், ஆனால் இரும்பைப் போல வளைந்து கொடுக்காது. அந்த இழுவை முழுக்க விரிசலின் நுனியில் போய்ச் சேரும். ஒவ்வொரு முறை சுடும்போதும் கோடு கொஞ்சம் நீளும். கழுவும்போது உள்ளே இறங்கிய தண்ணீர் 180 டிகிரியில் ஆவியாகி மேலும் நெம்பும்.

ட்ரேயை உள்ளங்கையில் ஏந்தி, மரக்கரண்டியால் விளிம்பைத் தட்டிப் பாருங்கள். நல்ல ட்ரே கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது 'டொக்' என்று அடங்கிவிடும். உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் கோடு தெரிந்தால் தட்டிப் பார்க்கவே வேண்டாம், அதன் காலம் முடிந்தது. மேல்பூச்சில் மட்டும் வலை மாதிரி கோடுகள் ஓடினால் உடனே உடையாது. ஆனால் எண்ணெயும் ஈரமும் இறங்கி வாடை பிடிக்கும். அதில் நான் சமைப்பதில்லை.

பசை போட்டு ஒட்டுவது

கூடவே கூடாது. சூட்டில் பசை விட்டுப்போகும்.

உள்விளிம்பில் சில்லு

அடுத்த சில்லு சாப்பாட்டில் விழும். மாற்றுங்கள்.

ஈரமான கிரானைட் மேடை

சூடான ட்ரேயை அதில் வைக்காதீர்கள். மரப்பலகையோ மடித்த காய்ந்த துணியோ போதும். ஃபிரீசரில் இருந்து நேராக ஓவனுக்கும் போகக்கூடாது. மைனஸ் 18-லிருந்து 180-க்குத் தாவினால் புது ட்ரேகூடத் தாங்காமல் போகலாம்.

அழகைப் பார்த்து வாங்குவது

பக்கத்திலேயே கரிகிரி இருக்கிறது, மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். அங்கே ஆசையாக வாங்கிய கிண்ணத்தை நேராக ஓவனில் வைக்கிறார்கள். அலங்காரத்துக்குச் செய்தது வேறு, அடுப்புக்குச் செய்தது வேறு. எங்கே வாங்கினாலும் ஓவனில் வைக்கலாமா, புளிப்பு படலாமா என்று கேட்டு வாங்குங்கள். பழைய பளபளப்புப் பூச்சுகளில் ஈயம் கலப்பதுண்டு. புளியும் தக்காளியும் எலுமிச்சையும் அதைக் கரைத்து உணவில் இறக்கிவிடும்.

பழைய ட்ரே எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று தண்ணீர் ஊற்றி அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஆழம் கூடினால் நடுப்பகுதி வேக நேரமாகும். அலுமினிய ட்ரேக்கு மாறினால் சீக்கிரம் சூடேறும், பத்து நிமிடம் முன்னதாகவே எட்டிப் பாருங்கள்.

உடைந்த துண்டுகளைச் செய்தித்தாளில் நாலைந்து சுற்று சுற்றித் தனியாகக் கட்டி, குப்பை எடுக்க வருகிறவரிடம் உள்ளே பீங்கான் இருக்கிறது என்று சொல்லிக் கையில் கொடுங்கள்.