பார்த்தீனியம் வண்டு எதுவரை வந்திருக்கிறது? எல்லைக் கிராமங்களில் கணக்கெடுக்கும் முறை

பார்த்தீனியம் என்ற களைச்செடியைத் தின்பதற்காக மெக்சிகோவிலிருந்து 1983இல் பெங்களூருவுக்குக் கொண்டுவந்து, 1984இல் திறந்துவிடப்பட்டது சைகோகிராமா வண்டு. தமிழக-கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் சுற்றுவட்டாரத்தில் அது எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். காலம் தவறாமல் போனால் போதும்.

கோடையில் போகாதீர்கள். வண்டு அப்போது மண்ணுக்குள் உறங்கும், செடியில் ஒன்றும் தெரியாது. 'இல்லை' என்று எழுதிவிட்டு மழைக்குப் பிறகு வந்து பார்த்தால் மொய்த்துக்கிடக்கும். புதிதாகப் பரவியது என்று தப்புக்கணக்கு போட்டுவிடுவோம். முதல் நல்ல மழை பெய்து இரண்டு வாரம் கழித்துத் தொடங்குங்கள். பிறகு 15 நாளுக்கு ஒருமுறை. இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் மழை மாறும் என்பதால் மழை பெய்த தேதியை ஊர்வாரியாகக் குறித்துவையுங்கள்.

செடிகளைச் சுற்றி வைத்து உள்ளே இருப்பதை எண்ணுவதற்கு ஒரு சதுரச் சட்டம் வேண்டும். அதற்கு அரை இஞ்ச் பிவிசி பைப் நான்கு துண்டு, மூலைக்கு எல்போ நான்கு. உள்ளளவு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். எதிரெதிர் மூலை இரண்டை மட்டும் பசை போட்டு ஒட்டுங்கள். இடுப்பளவு வளர்ந்த செடிக்கு மேலே சட்டத்தை இறக்க முடியாது. இரண்டு பாதியாகப் பக்கவாட்டில் நுழைத்துத்தான் கோர்க்க வேண்டும்.

வண்டு இருப்பது உறுதியான இடத்திலிருந்து சாலை வழியே 2 கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். ஒவ்வொன்றிலும் பத்து அடியெடுத்து வைத்ததும் ஒருமுறை என்று பத்து இடத்தில் சட்டத்தை வையுங்கள். கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிற இடமாகத் தேடி வைத்தால் கணக்கு ஊதிப்போகும். வெறுமையான முதல் நிறுத்தத்தோடு திரும்பிவிடாதீர்கள். வைக்கோல் வண்டியிலோ மண் லாரியிலோ ஏறி அது நடுவில் ஊர்களைத் தாண்டியிருக்கலாம். தொடர்ந்து மூன்று நிறுத்தம் வெறுமையாக இருந்தால் நிறுத்தலாம். அங்கும் 'இல்லை' என்றல்ல, 'காணவில்லை' என்றுதான் எழுத வேண்டும்.

காலையில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வலுக்கும் முன் எண்ணுங்கள். செடி அசைந்தால் வண்டு கீழே விழக்கூடும்; ஆகவே முதலில் தொடாமல் வண்டுகளை எண்ணி, பிறகு இலையைத் திருப்பி முட்டையும், நுனிக்குருத்தைப் பிரித்துப் புழுவும் பாருங்கள். புழுதான் நல்ல சாட்சி. வண்டு பறந்து வந்திருக்கலாம், புழு இருந்தால் அங்கேயே பெருகுகிறது என்று அர்த்தம்.

ஆள்மாறாட்டம் அதிகம். நம் வண்டு சுமார் 6 மில்லிமீட்டர், வெளிர் மஞ்சள் முதுகில் நீளவாக்கில் பழுப்புக் கோடுகள். வட்டப் புள்ளியோ வளைந்து நெளிந்த கறுப்புக் கோடோ இருந்தால் அது அசுவினிப் பூச்சியைத் தேடி வந்த பொறிவண்டு. இலையில் ஓட்டை மட்டும் இருந்தால் பதியாதீர்கள், வெட்டுக்கிளியும் கடிக்கும். வெள்ளையாகப் பஞ்சுபோல் இருந்தால் மாவுப்பூச்சி. பக்கத்தில் சூரியகாந்தி இருந்தால் அதையும் ஒரு பார்வை பாருங்கள். 1990களில் இந்த வண்டு அதைக் கடிக்கிறது என்று பெரிய சர்ச்சையே நடந்தது.

எல்லையில் ஒரே ஊருக்கு வரைபடத்தில் இரண்டு விதமாகப் பெயர் இருக்கும். அதனால் அட்சரேகை, தீர்க்கரேகையை நான்கு தசம இடம் வரை எழுதுங்கள், பத்துப் பதினைந்து மீட்டருக்குள் நிற்கும். முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் இல்லாமல் இறங்க வேண்டாம். இந்தச் செடி பட்டால் சிலருக்குத் தோல் அழற்சி வரும், மகரந்தம் மூச்சையும் பிடிக்கும். கிளம்பும்போது சட்டையையும் பையையும் உதறிவிடுங்கள். ஒட்டிக்கொண்ட வண்டை நீங்களே அடுத்த ஊருக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டால் அதற்குப் பிறகு எடுக்கிற கணக்கெல்லாம் வீண்.