தையல் பிரித்த பிறகும் ஆறாத காயம்: வீட்டில் கட்டு மாற்றுவது எப்படி?

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. தகரக் கதவு கிழித்து, முழங்காலுக்குக் கீழே ஏழு தையல். 14ஆம் நாள் பிரித்தார்கள். இனி கவலையில்லை என்று வீட்டுக்கு வந்தோம். மூன்றாம் நாள் காயத்தின் நடுவில் ஓர் அரிசி அளவுக்கு வாய் விட்டிருந்தது. பதறி ஓடினோம். டாக்டர் மறுபடி தைக்கவில்லை, அடியிலிருந்து சதை வளர்ந்து தானாக மூடட்டும் என்றார். அதற்குப் பிறகு ஐந்து வாரம் நான்தான் கட்டு மாற்றினேன்.

தையல் பிரிக்கும்போது தோல் மேலாகத்தான் ஒட்டியிருக்கும். மூன்று வாரத்தில் பழைய பலத்தில் ஏறத்தாழ 20 சதவீதம்தான் திரும்பும். 80 சதவீதம் வர மூன்று மாதம் ஆகும். அதனால் குந்தி உட்காருவது, குடம் தூக்குவது எல்லாம் கொஞ்ச நாள் வேண்டாம்.

படி 1: கழுவுவது
முதலில் உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் என்ற சுத்தமான உப்பு நீரைக் காயத்தின் மேல் மெதுவாக ஊற்றினால் போதும். பழைய கட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், சலைனால் நனைத்து ஊறவிட்டு எடுங்கள். டெட்டாலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புதிதாக வளரும் சதையையே அரித்துவிடும். மஞ்சள் தூள், காப்பித் தூள், சாம்பல், எதுவும் வேண்டாம்.

படி 2: ஈரம் காப்பது
"காத்தாட விடு, காய்ஞ்சு ஆறட்டும்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை நானும் நம்பியவள்தான். ஆனால் 1962இலேயே ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சோதித்து, காயவிட்ட புண்ணைவிட ஈரமாக மூடிவைத்த புண்ணில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் படர்வதைக் காட்டிவிட்டார். பொருக்குக் கட்டினால் புதுத் தோல் அதன் அடியில் நுழைந்து வளர வேண்டியிருக்கிறது. ஆகவே சுற்றியுள்ள தோலைத் துடைத்து, காயத்தின் மேல் மெல்லியதாக வாஸ்லின் தடவி, ஒட்டாத காஸ் (காயத்துக்கு வைக்கும் வலைத்துணி) வைத்து மூடுங்கள். பஞ்சை நேரடியாக வைக்காதீர்கள், நார் ஒட்டிக்கொள்ளும். கட்டு நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

படி 3: கால் என்றால் உயர்த்தி வைப்பது
நீர் கோத்து வீங்கிய காலில் காயம் சீக்கிரம் ஆறாது. உட்காரும்போதும் படுக்கும்போதும் தலையணை மேல் காலை வையுங்கள்.

படி 4: சாப்பாடு
முட்டை, மீன், தயிர் கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்று அம்மாவே பத்தியம் இருந்தார். எனக்கு அதுதான் பெரிய போராட்டம். சதை வளரப் புரதம் வேண்டும். பத்தியம் என்று அதையே நிறுத்துகிறோம். தினம் முட்டை, பருப்பு, வைட்டமின் சி-க்கு நெல்லிக்காய் என்று கொடுத்தேன். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் எந்தக் கட்டும் பலன் தராது. புகைப்பவர்கள் நிறுத்தியே ஆக வேண்டும்.

எப்போது ஓட வேண்டும்?
வெளிர் மஞ்சளாகத் தெளிந்த நீர் கொஞ்சம் கசிந்தால் பயமில்லை. சீழ், நாற்றம், பரவும் சிவப்பு, சூடு, அதிகமாகும் வலி, காய்ச்சல், புதிதாக வாய் விடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை உள்ளவருக்கு வலியே தெரியாமல் போகலாம், ஆகவே தினமும் கண்ணால் பாருங்கள்.

முழுதாக மூடிய பிறகு அரிக்கும், சொறிய விடாதீர்கள். தழும்பின் மேல் விரலால் மெதுவாக அழுத்தித் தேய்த்துவிடலாம். வெயில் பட்டால் கறுக்கும், துணியால் மூடுங்கள். அம்மாவின் தழும்பு சிவப்பு மாறி வெளுக்க ஒரு வருடம் ஆனது.