தோட்டத்துக்கு வயர்லெஸ் லிங்க்: டிஷ் வாங்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

வீட்டு இன்டர்நெட்டை மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்டத்து மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே ரெண்டு கேமரா, ஒரு மோட்டார் கண்ட்ரோலர், அவ்வளவுதான் தேவை என்று வைத்துக்கொள்வோம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் மாதிரி தென்னந்தோப்பு நிறைந்த ஊர். இரண்டு முனையிலும் மாட்ட டிஷ்ஷும் ரேடியோவும் வாங்கக் கடைக்குப் போனதும் முதலில் கேட்கும் கேள்வி, "இது எத்தனை கிலோமீட்டர் எடுக்கும்?" தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

தூரம் பெரிய பிரச்சினையே இல்லை. 2007-இல் வெனிசுவேலாவில் 382 கிலோமீட்டருக்கு வைஃபை இணைப்பு கொடுத்துக் காட்டினார்கள். இரண்டு முனையும் மலை உச்சியில், நடுவில் மறைக்க எதுவும் இல்லை. உங்கள் மூன்று கிலோமீட்டருக்கு நடுவில் தோப்பு இருக்கிறது. பெட்டி மேல் அச்சடித்த தூரம் தோப்பைக் கணக்கில் எடுத்தது கிடையாது.

மொட்டை மாடியில் நின்று பைனாகுலரில் பார்த்தேன், மோட்டார் ரூம் தெரிகிறது, அது போதும் என்பார்கள். போதாது. ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் போவதில்லை, நடுவில் தடித்து இரண்டு முனையிலும் ஒடுங்கும் ஒரு பகுதி அதற்குத் தேவை. ஃப்ரெனல் மண்டலம் என்பது இதுதான். 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மூன்று கிலோமீட்டருக்கு நடுப்பகுதியில் இதன் ஆரம் ஏறக்குறைய 6.2 மீட்டர். அதில் குறைந்தது 60 சதவீதம், அதாவது பார்வைக் கோட்டுக்குக் கீழே 3.7 மீட்டராவது, காலியாக இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் இன்னும் அதிகம், 5.8 மீட்டர். ஓலை நுனிக்கு ஒரு முழம் மேலே கோடு போகிறது என்றால் அந்த லிங்க் வெயில் நாளில் ஓடும், காற்றில் ஓலை ஆடும்போது தடுமாறும், மழையில் நனைந்ததும் படுத்துவிடும். உடனே "மழைக்கு சிக்னல் வராது" என்று ஒரு தீர்ப்பு! 5 கிகாஹெர்ட்ஸில், இந்தத் தூரத்துக்கு, மழைத்துளி தின்னும் சிக்னல் கணக்கிலேயே வராது, தின்பது நனைந்த இலைதான். அப்புறம் தென்னை வளரும் என்பதையும் மறந்துவிடாதீர்கள், இளமரமாக இருந்தால் வருஷத்துக்கு ஓர் அடிக்கு மேலேயே போகும், இன்றைக்கு இடைவெளி சரியாக இருப்பது மூன்று வருஷம் கழித்து இருக்காது. டிஷ்ஷைத் தாங்கும் பைப்பை உயர்த்திக்கொண்டே போவதைவிட, பக்கத்தில் உயரமான தண்ணீர்த் தொட்டி உள்ள வீட்டுக்காரரிடம் கேட்டு நடுவில் சிக்னலை வாங்கி அடுத்த முனைக்கு அனுப்பும் ஒரு ரிலே வைப்பது பல நேரம் மலிவாக முடியும்.

வாங்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். மூன்று கிலோமீட்டரில், 5.8-இல், வெட்டவெளியிலேயே சுமார் 117 டெசிபல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு) இழப்பு. அனுப்பும் பக்கம் ஆண்டெனாவோடு சேர்த்து 36 டிபிஎம் (சிக்னலின் சக்தியை டெசிபலில் சொல்லும் அளவு), வாங்கும் பக்கம் 23 டெசிபல் டிஷ் என்றால் வரவேண்டியது மைனஸ் 58 டிபிஎம் அளவில், மைனஸுக்குப் பின் வரும் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் பலவீனம். மாட்டி முடித்ததும் மைனஸ் 75 காட்டினால் 'நெட் வருதே' என்று இறங்கி வரக் கூடாது. நடுவில் ஏதோ மறைக்கிறது, அல்லது டிஷ்ஷை பக்கக் கதிரில் பூட்டிவிட்டீர்கள். டிஷ்ஷுக்கு ஒரு பெரிய உச்சியும் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன உச்சிகளும் உண்டு, அவசரத்தில் திருப்பினால் சின்னதில் நின்றுவிடும். ஒரு முனையை அசைக்காமல் வைத்து, மறு முனையை இடம் வலமாக நன்றாகத் தாண்டித் திருப்பிப் பார்த்து, பிறகு மேல் கீழாகவும் பார்த்து, அதன் பிறகு பூட்டுங்கள். செட்டிங்கில் நாட்டை மாற்றிப் போட்டு பவரை ஏற்றுவது இதற்கு மருந்தல்ல. 2018 முதல் இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதிக்கு உரிமம் தேவையில்லை என்றாலும் சக்திக்கு வரம்பு உண்டு. கேமராவுக்கு 80 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலமும் வேண்டாம், 20 போதும். அகலம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் 3 டெசிபல் கூடுகிறது.

ரேடியோவைக் கீழே வைத்து ஆண்டெனாவுக்கு நீளமாகக் கோஆக்ஸ் (சிக்னலைக் கொண்டுபோகும் கேபிள்) இழுக்காதீர்கள், ரேடியோவும் மேலேயே இருக்கட்டும், ஈதர்நெட் மட்டும் இறங்கட்டும். அதுவும் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட முழுச் செம்புக் கேபிளாக. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதுதான் மலிவாகக் கிடைக்கிறது, ரேடியோவுக்கு மின்சாரமும் இதே கேபிளில்தான் ஏறுகிறது என்பதால், அதில் நீளம் கூடினால் மேலே போய்ச் சேரும் வோல்டேஜ் குறையும். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கனெக்டர் பக்கத்தில் வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், செம்பை அரிக்கும்.

அடுத்தது மின்சாரம். என்னைக் கேட்டால் ரேடியோவைவிட இதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமப்புற மையங்களை நீண்டதூர வைஃபையால் இணைத்த பெர்க்லி பல்கலைக்கழகக் குழு, தங்கள் அனுபவத்தை 2008-இல் எழுதியது. பழுதுகளில் பெரும்பாலானவை ரேடியோவால் வந்தவை அல்ல, மோசமான மின்சாரத்தால் வந்தவை. நம் மோட்டார் ரூம் இதற்கு இன்னும் மோசமான இடம்: மோட்டார் எடுக்கும்போது வோல்டேஜ் சரியும், நிற்கும்போது துள்ளும், பாதி வோல்டேஜில் எழுந்த ரேடியோ பாதியிலேயே தொங்கி நிற்கும். நேரடியாக ஸ்விட்ச் போர்டில் செருகாமல் சார்ஜர், பேட்டரி, அதிலிருந்து ரேடியோ என்று கொடுங்கள். 8 வாட் ரேடியோவுக்கு 12 வோல்ட் 40 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் ஒரு நாள் தாண்டும். 24 வோல்ட் கேட்கும் ரேடியோ என்றால் இரண்டைத் தொடராகக் கட்டுங்கள். வோல்டேஜ் குறைந்தால் தானாகத் துண்டிக்கும் சின்ன போர்டு ஒன்றும் அவசியம்.

இடிக்குத் தனியாக ஒரு கம்பி நட்டுவிட்டு அதைக் கட்டடத்தின் எர்த்தோடு சேர்க்காமல் விடுவது அடிக்கடி பார்ப்பது. பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் இடையே எழும் வோல்டேஜ் உங்கள் ரேடியோ வழியாகத்தான் பாயும். இரண்டையும் தடித்த செம்பால் இணையுங்கள், கேபிள் நுழையும் இடத்தில் சர்ஜ் ப்ரொடெக்டர் (திடீரென எழும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) போட்டு அதையும் அதே எர்த்துக்குக் கொடுங்கள்.

கடைசியாக, பைப். தண்ணீர் டேங்கில் கயிறு போட்டுக் கட்டுவது, ஸ்டே கம்பி இல்லாமல் 20 அடி ஜிஐ பைப்பை நிறுத்துவது இதெல்லாம் ஆடி மாசக் காற்றுக்கு முன் நிற்காது. மூன்று திசையில் ஸ்டே கட்டுங்கள். நிமிர்த்தும் முன் மேலே பாருங்கள்: தோட்டத்து வரப்போரமாக உயர் அழுத்தக் கம்பி போகிறதா? பைப் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தக் கம்பியைத் தொடாத அளவுக்கு, அதாவது பைப்பின் முழு நீளத்தையும் தாண்டி, இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மூலையை விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள், சிக்னல் பத்து டெசிபல் குறைந்தாலும் சரி.