அமெரிக்காவுல குடிநீர், கழிவுநீர் ஆபரேட்டர் லைசென்ஸ்: எங்க ஆரம்பிக்கணும், எதுல மாட்டிக்குவீங்க

வாட்டர் பிளான்ட்லயோ கழிவுநீர் பிளான்ட்லயோ வேலைக்குப் போகணும்னு நினைக்கறவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது "எந்த எக்ஸாம் எழுதணும்"னுதான். எக்ஸாம் அவ்ளோ பெரிய விஷயம் இல்லீங்க, ரெண்டு மூணு மாசம் ஒழுங்கா உக்காந்தா பாஸ் பண்ணிடலாம். நிறைய பேர் மாட்டிக்கறது அனுபவக் கணக்குல. நீங்க பிளான்ட்ல செஞ்ச வேலைக்கு யார் கையெழுத்துப் போடுவாங்க, அந்த மணிநேரம் எல்லாம் லைசென்ஸ் குடுக்கற ஸ்டேட் போர்டு ஏத்துக்குமா, இதைத்தான் முதல் நாள்ல இருந்தே யோசிக்கணும்.

முதல்ல சட்டம் எப்படி இருக்குன்னு பாத்துடலாம், ஏன்னா இது புரியாம இணையத்துல தேடினா ஒவ்வொரு இடத்துல ஒவ்வொண்ணு சொல்லுவாங்க, குழப்பம்தான் மிஞ்சும். அமெரிக்கா முழுசுக்கும் ஒரே லைசென்ஸ்னு எதுவும் கிடையாது. பாதுகாப்பான குடிநீர் சட்டத்துல 1996ல ஒரு திருத்தம் வந்துச்சு, அதுப்படி மத்திய அரசோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏ 1999ல குறைஞ்சபட்ச வழிகாட்டி ஒண்ணு வெளியிட்டுச்சு, அதை வச்சு ஒவ்வொரு ஸ்டேட்டும் தனக்குன்னு விதி போட்டு நடத்துது. விதி போடாத ஸ்டேட்டுக்கு மத்திய அரசு குடிநீர் நிதியில 20 சதவீதம் வரைக்கும் பிடிச்சு வச்சுக்கலாம், அதனால எல்லா ஸ்டேட்லயும் இருக்கு. ஆனா இது குடிநீருக்கு மட்டும்தான். கழிவுநீர் ஆபரேட்டருக்கு இந்த மாதிரி மத்திய வழிகாட்டி இல்ல, முழுக்க ஸ்டேட் பாத்துக்கறது. அதனால உங்க ஸ்டேட்டோட அதிகாரபூர்வ பக்கத்தைத் தவிர வேற எதையும் கடைசி வார்த்தையா எடுத்துக்காதீங்க, பக்கத்து ஸ்டேட்ல வேலை பாக்கற சொந்தக்காரர் சொல்றது உட்பட.

அடுத்து எந்தப் பக்கம் போறீங்கன்னு முடிவு பண்ணணும். தண்ணியைச் சுத்திகரிக்கற பிளான்ட் ஒண்ணு, அந்தத் தண்ணியை வீடுகளுக்குக் கொண்டுபோற குழாய், டாங்க், பம்ப் எல்லாம் சேர்ந்த விநியோகம் ஒண்ணு, கழிவுநீர் சுத்திகரிப்பு ஒண்ணு, சாக்கடைக் குழாய், கழிவுநீரை மேல ஏத்தி அனுப்பற லிஃப்ட் ஸ்டேஷன் பாத்துக்கறது இன்னொண்ணு. பெரும்பாலும் இது ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி லைசென்ஸ், ஒண்ணு வச்சுகிட்டு இன்னொண்ணுல பொறுப்பு எடுக்க முடியாது. படிநிலைக்குப் பேர் வைக்கறதும் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும். கலிஃபோர்னியாவுல குடிநீர் சுத்திகரிப்புக்கு T1ல இருந்து T5 வரை, விநியோகத்துக்கும் அதே மாதிரி D1ல இருந்து D5 வரை, 5தான் உச்சம். டெக்சாஸ்ல வெறும் எழுத்து, D கீழ்ப்படி, அப்புறம் C, B, கடைசியா A. வேலை விளம்பரத்துல வெறும் ஒரு எழுத்தைப் பாத்துட்டு இது நம்ம லெவல்தான்னு அப்ளை பண்ணிடாதீங்க, எந்த ஸ்டேட், எந்தப் பிரிவுன்னு பாத்துட்டுப் பண்ணுங்க.

பிளான்ட்ல இருக்கற எல்லாருக்கும் லைசென்ஸ் வேணுமான்னா வேண்டாம். மீட்டர் படிக்கறவர், பள்ளம் தோண்டறவர் இவங்களுக்கு சட்டப்படி கட்டாயம் இல்லாத இடங்கள் நிறைய. ஆனா தண்ணியோட தரத்தையும் அளவையும் பாதிக்கற முடிவை எடுக்கறவர், அதாவது குளோரின் எவ்ளோ போடணும், எந்த ஃபில்டரைக் கழுவணும், எந்த வால்வை மூடணும்னு சொல்றவர், லைசென்ஸ் வச்சிருக்கணும். ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் அப்படி ஒருத்தர் அங்கயே இருக்கணும், இல்ல கூப்பிட்டா கிடைக்கணும்னுதான் இபிஏ வழிகாட்டி சொல்லுது.

இப்ப அனுபவம். ஒரே ஸ்டேட்டுக்குள்ளயே இது எவ்ளோ மாறும்னு கலிஃபோர்னியாவைப் பாத்தா தெரியும். அங்க குடிநீர் பக்கம் முதல் படிக்கு அனுபவமே இல்லாம எக்ஸாம் எழுதி சர்ட்டிஃபிகேட் வாங்கிடலாம், வேலை தேடும்போது அது கையில இருந்தா நல்லா உதவும். கழிவுநீர் பக்கம் அப்படி இல்ல, முதல் கிரேடுக்கே ஒரு வருஷ முழுநேர அனுபவம் கேப்பாங்க, அதுக்கு முதல்ல ஒரு பிளான்ட்ல பயிற்சி ஆபரேட்டரா சேரணும், அந்தப் பயிற்சிச் சான்றிதழுக்கும் தனியா அப்ளை பண்ணணும், அது இல்லாம ஆபரேட்டர் வேலை பாத்த மாசம் எல்லாம் கணக்குல வராம போயிடலாம். நிறைய ஸ்டேட்ல இந்தப் பயிற்சி ஆபரேட்டர் படி இருக்கு, இங்க்லீஷ்ல ஆபரேட்டர் இன் டிரெய்னிங், சுருக்கமா ஓஐடின்னு சொல்லுவாங்க. ஹைஸ்கூல் டிப்ளமோவோ அதுக்குச் சமமான ஜிஇடி தேர்வோ பொதுவா அடிப்படைத் தகுதி. நீங்க ஸ்கூல் முடிச்சது வேற நாட்டுலன்னா அந்தச் சான்றிதழை மதிப்பீடு பண்ணித் தரணுமான்னு போர்டுக்கு முன்னாடியே ஒரு மெயில் போட்டுக் கேட்டுக்குங்க, அப்ளிகேஷன் அனுப்பினப்புறம் கேட்டா வாரக்கணக்குல இழுக்கும்.

சேர்ந்த முதல் நாள்ல இருந்தே ஒரு நோட்டு போடுங்க, இதை நான் எவ்ளோ அழுத்திச் சொன்னாலும் தகும். தேதி, எத்தனை மணிநேரம், என்ன வேலை, மேல இருந்த ஆபரேட்டர் பேர், அவரோட லைசென்ஸ் நம்பர், இவ்ளோதான். ஏன்னா போர்டு கேக்கறது "எத்தனை வருஷம் அங்க இருந்தீங்க"ன்னு இல்ல, "எத்தனை நேரம் ஆபரேட்டர் வேலை செஞ்சீங்க"ன்னு. புல் வெட்டினது, பெயிண்ட் அடிச்சது, ஆஃபீஸ்ல பில் பாத்தது எல்லாம் பொதுவா சேராது. சாம்பிள் எடுத்தது, கெமிக்கல் டோஸ் மாத்தினது, ஃபில்டர் கழுவினது, பம்ப் ஓட்டினது சேரும். உங்க சூப்பர்வைசர் ரிட்டயர் ஆயிட்டாலோ வேற ஊருக்குப் போயிட்டாலோ கையெழுத்துக்கு அலையணும், அதனால வேலை மாறும்போது அனுபவ ஃபார்ம்ல அப்பவே கையெழுத்து வாங்கிடுங்க.

எக்ஸாமுக்கு வருவோம். சில ஸ்டேட் சொந்தமா கேள்வித்தாள் வச்சிருக்கு, நிறைய ஸ்டேட் வாட்டர் புரொஃபஷனல்ஸ் இன்டர்நேஷனலோட பொதுத் தேர்வை எடுத்துக்குது, முன்னாடி ஏபிசின்னு இருந்த அமைப்புதான் அது. அந்தத் தேர்வுல மார்க்குக்கு 100 கேள்வி, எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கறது, 3 மணிநேரம், 70 சதவீதம் பாஸ். ஃபார்முலா ஷீட்டை அவங்களே தருவாங்க. எந்தப் பகுதியில எத்தனை கேள்வின்னு அவங்களே போட்டிருப்பாங்க, அதை வச்சுப் படிங்க, கண்டதையும் படிச்சு நேரத்தை வீணாக்க வேண்டாம். பாடத்துக்கு சாக்ரமெண்டோ ஸ்டேட் யுனிவர்சிட்டியோட ஆஃபீஸ் ஆஃப் வாட்டர் புரோகிராம்ஸ் வீட்டுல இருந்தே படிக்கற கோர்ஸ் நடத்துது, நிறைய போர்டு அந்த மணிநேரத்தை ஏத்துக்குது.

நம்மாளுங்க தடுமாறற இடம் கணக்குதான், கணக்கு வராததனால இல்ல, லிட்டர் கிலோன்னு பழகினவங்களுக்கு கேலன், பவுண்டு, கன அடின்னு வந்தா கை நின்னுடும். மூணு நம்பரை மனசுல ஏத்திக்குங்க: ஒரு கேலன் தண்ணி 8.34 பவுண்டு, ஒரு கன அடியில 7.48 கேலன், ஒரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தம்னா 2.31 அடி தண்ணி உயரம். உதாரணத்துக்கு, ஒரு நாளைக்கு 20 லட்சம் கேலன் ஓடற பிளான்ட்ல லிட்டருக்கு 3 மில்லிகிராம் குளோரின் போடணும்னா எத்தனை பவுண்டு? ஓட்டத்தை மில்லியன் கேலன்ல எழுதிக்கணும், 2 × 3 × 8.34 = 50.04 பவுண்டு. அதே, 65 சதவீதம்தான் குளோரின் இருக்கற ஹைப்போகுளோரைட் பவுடர்னா 0.65ஆல வகுக்கணும், ஏறக்குறைய 77 பவுண்டு. வகுக்கறதுக்கு பதிலா பெருக்கினா வர்ற தப்பான விடையும் ஆப்ஷன்ல இருக்கும், அதனால சுத்தமில்லாத கெமிக்கல்னா அளவு கூடத்தான் செய்யணும்னு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு டிக் பண்ணுங்க. இந்த ஒரே ஃபார்முலா குடிநீர், கழிவுநீர் ரெண்டுலயும் திரும்பத் திரும்ப வரும்.

குடிநீர் பக்கம் குளோரின் எச்சம், ஃப்ரீ குளோரினுக்கும் டோட்டல் குளோரினுக்கும் வித்தியாசம், கலங்கல் அளவு, எந்த சாம்பிளை எப்படி எடுக்கணும், இதெல்லாம் நல்லாத் தெரியணும். கழிவுநீர்ல பிஓடி (தண்ணியில இருக்கற கழிவைச் சிதைக்க கிருமிங்களுக்கு எவ்ளோ ஆக்சிஜன் வேணும்னு காட்டற அளவு), கசடு, காத்து குடுக்கற டாங்க்ல ஆக்சிஜன், கசடு எவ்ளோ வேகமா அடியில படியுதுன்னு பாக்கறது. மத்திய விதிப்படி இரண்டாம் நிலை சுத்திகரிப்புக்கு (கிருமிங்களை வச்சுப் பண்றது) அப்புறம் பிஓடி 30 நாள் சராசரி லிட்டருக்கு 30 மில்லிகிராம், 7 நாள் சராசரி 45, இதுக்கு மேல போகக் கூடாது, வந்த பிஓடியில நீக்கம் குறைஞ்சது 85 சதவீதம், இதுல இருந்து கேள்வி வரலாம்.

பாதுகாப்பை மார்க்குக்காகப் படிக்காதீங்க, உங்க உயிருக்காகப் படிங்க. மேன்ஹோல், கழிவுநீர் வந்து சேர்ற வெட்வெல் தொட்டிக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி காத்தை மீட்டர் வச்சுப் பாக்கணும், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழ இருந்தா இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், ஆனா அளவு கூடினா மூக்கே மரத்துப் போயிடும், நாத்தம் நின்னுடுச்சுன்னு இறங்கினவரும் அவரைக் காப்பாத்தப் போனவரும் சேர்ந்து செத்த சம்பவம் இந்தத் தொழில்ல திரும்பத் திரும்ப நடக்குது.

லாக் புக் விஷயத்துல ஒரு வார்த்தை. 2000 மே மாசம் கனடாவுல ஒன்டாரியோவோட வாக்கர்ட்டன் ஊர்ல பலத்த மழைக்கு அப்புறம் மாட்டுச் சாணத்துல இருந்து ஈகோலை கிருமி கிணத்துல கலந்து 7 பேர் செத்தாங்க, 2,300 பேருக்கு மேல நோயில விழுந்தாங்க. நீதிபதி டெனிஸ் ஓகானர் விசாரிச்சப்ப, ஆபரேட்டருங்க குளோரினை தினமும் அளக்காமலே 0.5, 0.75ன்னு எழுதி வச்சிருந்தது வெளிய வந்துச்சு. அவங்க கையிலயும் லைசென்ஸ் இருந்துச்சு, எக்ஸாம் எழுதாம பழைய அனுபவத்தை வச்சுக் குடுத்த லைசென்ஸ். அதனால மீட்டர் என்ன காட்டுதோ அதை எழுதுங்க, அளக்கலைன்னா காலியா விடுங்க, தப்பா எழுதினா ஒரே கோடு போட்டு அடிச்சுட்டு பக்கத்துல இனிஷியலும் தேதியும் போடுங்க. மேல இருக்கறவர் "சும்மா ஒரு நம்பர் போட்டுடு"ன்னு சொன்னாலும் போடாதீங்க. பொய்ப் பதிவுக்கு லைசென்ஸ் போகும், வழக்கும் வரும், இது எல்லாத்தையும் விட அந்தத் தண்ணியைக் குடிக்கறது ஒரு ஊரு.

லைசென்ஸ் வந்தப்புறம் புதுப்பிக்கறது இருக்கு. கலிஃபோர்னியா குடிநீர் சர்ட்டிஃபிகேட்டை 3 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், முதல் படிக்கு 12 மணிநேரப் படிப்பு, மேல போகப் போக 36 மணிநேரம் வரை. கடைசி மாசத்துல கோர்ஸ் தேடாதீங்க, வருஷாவருஷம் கொஞ்சம் கொஞ்சமா முடிச்சு சர்ட்டிஃபிகேட்டை ஒரே ஃபோல்டர்ல போட்டு வைங்க.

வேற ஸ்டேட்டுக்கு மாறினா லைசென்ஸ் தானா கூட வராது. பல ஸ்டேட்ல பரஸ்பர ஒப்புதல்னு ஒண்ணு இருக்கு, பழைய லைசென்ஸ் உயிரோட இருக்கணும், எழுதின எக்ஸாம் அவங்களோடதுக்குச் சமமா இருக்கணும். அதனால வீடு மாத்தறதுக்கு முன்னாடியே ஃபார்ம் அனுப்புங்க, பழைய ஸ்டேட்ல புதுப்பிக்கற தேதியைத் தவற விட்டுடாதீங்க, காலாவதி ஆன லைசென்ஸை வச்சு மாத்தித் தரச்சொன்னா திரும்ப எக்ஸாம் எழுதச் சொல்லலாம்.